திண்டிவனத்து இரவும் செவிலியர் பதிவேடும்

செவிலியர் கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் வேலூரிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அது அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திண்டிவனத்தில் தொடங்குகிறது. 1890களின் முற்பகுதியில் ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ள அங்கே வந்திருந்தார். தந்தை இளைய ஜான் ஸ்கடர் மிஷன் மருத்துவர். ஒரே இரவில் ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து என மூவர், பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு வந்தனர். தந்தை வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் தொடலாகாது என்று மூவரும் திரும்பிப் போயினர். மூன்று பெண்களும் இறந்தனர்.

இதைத் தெய்வ அழைப்பாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அன்று இல்லாமற்போனது பெண் மருத்துவர் மட்டுமன்று, பயிற்சி பெற்ற பெண்ணின் கையும்தான் என்பது என் எண்ணம்.

ஐடாவும் அவ்வாறே எண்ணியிருக்க வேண்டும். 1899இல் கார்னெல்லில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். தொடக்கத்தில் உடனிருந்து உதவியவர் சலோமி என்ற பெண். பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். அவரிடம் சான்றிதழ் கிடையாது. இருந்தாலும் கையெழுத்திட யார் இருந்தார்கள்? 1909இல் செவிலியர் பள்ளி வந்தது. சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டமோ 1926இல்தான் வந்தது. பயிற்சி முந்தி, பதிவேடு பிந்தி.

விடுதலைக்குப் பின் துணைச் செவிலியர் என்றொரு நிலை உருவானது. 1951இல் இரண்டாண்டுப் பயிற்சியாகத் தொடங்கி, 1977இல் பதினெட்டு மாதமாகச் சுருங்கி, மீண்டும் இரண்டாண்டானது. தமிழகத்தில் கிராம சுகாதார செவிலியர் பணிக்கு, 2012 நவம்பருக்கு முன் பயின்றவர்களுக்குப் பத்தாம் வகுப்பு போதும். பின் பயின்றவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும்.

1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மருத்துவமனைகள் பெருகப் பெருக, ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ ஆக்கித் தருவதாகச் சொல்லும் பயிற்சிகளும் சிற்றூர்ப் பெண்களைத் தேடி வந்தன. தனியார் மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்கு அச்சான்றிதழ் உதவலாம். ஆனால் செவிலியர் குழுமம் அதைப் பதிவு செய்யாது. பதிவில்லாமல் செவிலியராகப் பணிபுரியவும் முடியாது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் தந்தை, சேரும் நாளிலேயே கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘படித்து முடித்தால் குழுமத்தில் பதிவெண் கிடைக்குமா?’