ஈட்டி முனை யாருடைய அறிவு?

வேல் என்றதும் நம் பாடப்புத்தகங்கள் அரசனையும் படையையும் காட்டுகின்றன. ஆண்ட பரம்பரை பேசும் சாதிச் சங்கங்களின் சுவரொட்டிகளிலும் அதே வேல்தான். ஆனால் ஈட்டி அரசர்கள் கண்டுபிடித்தது அல்ல. வயிற்றுப்பாட்டுக்காக வேட்டையாடியவர்களின் கருவி அது.

சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. காட்டூரும் பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களும் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப்பகுதியில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டார். கல்லைத் திட்டமிட்டுச் செதுக்கும் முறை அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாக சாந்தி பப்பு குழுவினர் 2018இல் வெளியிட்டனர். அப்போது அரசனும் இல்லை, சாதியும் இல்லை.

முனையின் வடிவத்தைப் பார்த்தாலே அது யாருடைய வேலைக்கானது என்று புரியும். போர் வேலின் முனை இலை வடிவம். குத்தியதும் உருவிக்கொண்டு அடுத்தவனை எதிர்கொள்ள வேண்டும். மீன் குத்தும் ஈட்டியில் இதற்கு நேர்மாறாக, பின்நோக்கிய முள் இருக்கும். குத்திய மீன் நழுவக் கூடாது. பல ஈட்டிகளில் முனையும் ஒன்றல்ல, மூன்று நான்கு. ஒளி விலகலால் தண்ணீருக்குள் இருக்கும் மீன் சற்று மேலே இருப்பதுபோலத் தெரியும். அதனால் கீழே குறிவைக்க வேண்டும், குறி கொஞ்சம் தப்பினாலும் ஒரு முனையாவது பட வேண்டும். இயற்பியல் வகுப்பில் நாம் படிப்பதை அவர்கள் கையில் வைத்திருந்தார்கள்.

அந்தமான் பழங்குடிகள் ஆமை பிடிக்கும் ஈட்டியில் முனை தனியே கழன்றுவிடும். கயிறு அதைப் பிடித்திருக்கும், ஆமை இழுத்தாலும் கம்பு உடையாது. நாகர்களின் ஈட்டிக்கு அடிப்பக்கத்திலும் இரும்புக் கூர் உண்டு, தரையில் ஊன்றி நிறுத்தலாம்.

இந்த அறிவை அரசு எப்படிப் பார்த்தது? 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியோடு ஈட்டியையும் ஈட்டி முனையையும் வில் அம்பையும் ஒரே பட்டியலில் வைத்தது. அதே ஆங்கிலேய ஆட்சி குடகர்களுக்கு விலக்கு அளித்தது. யார் கையில் இருந்தால் வீரம், யார் கையில் இருந்தால் குற்றம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது.

பழவேற்காட்டில் இன்றும் இந்தக் கேள்வி முடியவில்லை. ஏரியில் வலை போடும் இடத்தையும் முறையையும் பங்கிடும் 'பாடு' பட்டினவர் சமூகத்தின் பரம்பரை உரிமை. தலித்துகளும் இருளர்களும் அதற்கு வெளியே. இருளர் பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு வேலை செய்கிறார்கள். இறால் எங்கே பதுங்கும் என்று விரலுக்குத் தெரிவதும் தொழில்நுட்பம்தான். வலையும் படகும் வைத்திருப்பவரை மட்டுமே மீனவர் என்று எண்ணும்வரை இது கணக்கில் வராது. கணக்கில் வராத தொழிலுக்கு ஏரியில் உரிமையும் கிடைக்காது, துறைமுகங்களால் வாழ்வாதாரம் போனால் இழப்பீடும் கிடைக்காது.

தோழர்களே, எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகளைப் பாருங்கள். பிறகு ஏரிக்கரைக்கு வாருங்கள். பறி, கோல், தூண்டில், எது எந்தப் பருவத்தில், எந்த இடத்தில், யார் கையில் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுவோம். உரிமைக் கோரிக்கை மனுவோடு அந்தப் பதிவையும் இணைப்போம்.