வயோலாவின் அளவும் வாசிப்பவரின் கையும்

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் வில்லால் இழைத்து வாசிக்கப்படும் கருவிகளுள் வயலினின் அளவு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏறத்தாழ உறுதிப்பட்டுவிட, அதைவிடச் சற்றுப் பெரியதும், அதைப் போலவே தாடைக்கும் தோளுக்கும் இடையில் தாங்கப்படுவதுமான வயோலாவின் அளவு மட்டும் இன்றளவும் ஒரு நிலைக்கு வரவில்லை. வயோலாவின் தந்திகள் வயலினின் தந்திகளைவிட ஒரு பஞ்சமம், அதாவது சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளி அளவு, கீழே சுருதி கூட்டப்படுபவை. அந்தத் தாழ்ந்த சுரங்கள் வயலினுக்கு நிகரான நிறைவோடு ஒலிக்க வேண்டுமானால், சுமார் 35.5 செ.மீ. நீளமுள்ள வயலின் கூட்டை ஒன்றரை மடங்காக்கி 53 செ.மீ. ஆக்க வேண்டும், ஆனால் அத்தனை பெரிய கூட்டைத் தோளில் ஏந்தி வாசிப்பது மனிதக் கைக்கு ஏலாத செயல். ஆகவே பெரும்பாலும் 38 முதல் 43 செ.மீ. வரையிலான கூடுகளே செய்யப்படுகின்றன. அவை எல்லாமே ஒலியிடமும் உடலிடமும் சிறிது சிறிது விட்டுக்கொடுத்துப் பெற்ற அளவுகள்.

தொடக்கக் காலக் கைவினைஞர்கள் பலர் ஒலியின் பக்கம் சாய்ந்தார்கள். இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1690-இல் ஃபிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி அரச குடும்பத்துக்காகச் செய்த 'டெனர்' வயோலாவின் கூடு சுமார் 48 செ.மீ. நீளமுடையது. அக்காலத்தில் வயோலாவுக்கு எழுதப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் விரல்பலகையின் தலைப்பக்கத்திலேயே அடங்கிவிட்டதால், கை கூட்டைச் சுற்றி வளைந்து மேலேற வேண்டிய தேவை எழவில்லை. மோட்சார்ட் 1779-இல் வயலினுக்கும் வயோலாவுக்கும் சமமான இடம் தந்து இயற்றியதைப் போன்ற படைப்புகள் வந்தபோது, பெரிய கூடு இடையூறாயிற்று. பழைய பெரிய வயோலாக்கள் பலவற்றின் பலகைகள் அறுக்கப்பட்டு, அவை சிறிய கருவிகளாக மாற்றப்பட்டன. பழங்கருவிகளுக்கு நேர்ந்த இழப்பு என்றே இதைச் சொல்ல வேண்டும். மெடிச்சி வயோலா வெட்டுப்படாமல் தப்பி இன்றும் ஃபிளாரன்ஸில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெர்மன் ரிட்டர் என்னும் ஜெர்மானியக் கலைஞர், வூர்ட்ஸ்பர்க் நகரத்துக் கைவினைஞர் ஹோர்லைனைக் கொண்டு ஏறத்தாழ 48 செ.மீ. கூட்டுடன் 'வயோலா ஆல்டா' என்ற கருவியைச் செய்வித்தார். இசையமைப்பாளர் வாக்னர் அதை வரவேற்றாலும், நீண்ட கைகள் வாய்க்காதவர்களுக்கு அது பெருஞ்சுமையாகவே இருந்ததால் பரவலாக நிலைக்கவில்லை.

வாசிப்பவரே கருவியின் வடிவத்தை வகுத்தளித்ததற்குச் சிறந்த சான்று, 1876-இல் பிறந்த லயனல் டெர்ட்டிஸ். வயோலாவைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்திய இவர், மான்டக்னானா என்னும் இத்தாலியக் கைவினைஞர் செய்த சுமார் 43.5 செ.மீ. வயோலாவை நெடுங்காலம் வாசித்தவர். கை வாதத்தால் 1937-இல் மேடையை விட்டு விலகுவதாக அறிவித்த டெர்ட்டிஸ், இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் ரிச்சர்ட்சனுடன் இணைந்து 42.5 செ.மீ. கூடுடைய ஒரு மாதிரியை உருவாக்கினார். தாடைக்கடியில் வைத்து வாசிக்கத்தக்க கருவிக்கு அதுவே மேலெல்லை என்பது அவர் கருத்து. குறைந்தது வெறும் ஒரு சென்டிமீட்டர்தான் என்று தோன்றலாம். ஆனால் நாள்தோறும் பல மணி நேரம் கையை வெளிப்புறமாகத் திருகி வைத்திருப்பவருக்கு அது சிறிய சலுகையன்று. அந்த மாதிரியின் வரைபடங்களை அவர் பல நாட்டுக் கைவினைஞர்களுக்கும் கிடைக்கச் செய்தார்.

இந்தச் சிக்கலின் பெரும்பகுதி நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ தோளில் ஏந்தும் முறையால் விளைவது. கருநாடக இசையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் சுருள்முனையைக் காலில் ஊன்றி வாசிப்பதால் இடக்கை எடை தாங்காமல் தாராளமாக நகரும். பாடகர் பாலமுரளிகிருஷ்ணா வயோலாவையும் கையாண்டவர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

கூட்டின் நீளத்தைக் குறைப்பதை விட்டு அதன் உருவத்தையே மாற்றும் துணிவு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. ஹங்கேரியில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஓட்டோ எர்டெஸ், வயோலாக் கலைஞரான தம் மனைவி ரிவ்கா கோலானிக்காக, இடக்கை சுற்றி வரும் பக்கத்தில் கூட்டின் தோளை வெட்டி எடுத்த கருவியைச் செய்தார். 1988-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பதிலளித்த 2,212 இசைக்குழுக் கலைஞர்களுள் 76 விழுக்காட்டினர் வாசிப்பைப் பாதிக்கும் உடல்நலக் குறை ஒன்றேனும் தமக்கு இருப்பதாகக் கூறியிருந்தனர். இத்தகைய கவலைகள் வெளிப்படையாகப் பேசப்பட்ட சூழலில், 1990-களில் டேவிட் ரிவைனஸ் என்னும் அமெரிக்கக் கைவினைஞர் 'பெல்லெக்ரீனா' என்ற வயோலாவை வடிவமைத்தார். அதில் கையின் வழியில் குறுக்கிடாத மூலைகள் மட்டும் வெளியே இழுக்கப்பட்டுக் கூட்டின் பரப்பு பெருக்கப்பட்டது. விரல்பலகை கையை நோக்கிச் சாய்க்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியின் டான் எர்லிக் அதை இசைக்குழுவிலேயே வாசித்தார். உருகிக் கோணியது போன்ற அதன் தோற்றத்தைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு; ஆயினும் இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்ற நியதி கண்ணின் பழக்கமே, ஒலியின் தேவையன்று. வயலினுக்கு உள்ளது போன்ற நிலைபெற்ற அளவு வயோலாவுக்கு இல்லாமையும் ஒரு வகையில் வசதியே: இன்று வயோலா செய்யக் கொடுப்பவர் தம் கைநீளத்துக்கேற்பக் கூட்டின் நீளம், தந்தியின் நீளம், கழுத்தின் தடிமன் ஆகியவற்றைக் கைவினைஞரோடு பேசியே முடிவுசெய்ய முடிகிறது.