வேகவைத்த உப்பு மாட்டிறைச்சியும் கேரட்டும்

உப்பிலிட்ட மாட்டிறைச்சியைக் கேரட், வெங்காயத்தோடு ஒரே பானையில் நீர்விட்டு வேகவைக்கும் உணவு. இது கிழக்கு லண்டன் உழைப்பாளர் குடும்பங்களின் அடையாள உணவுகளுள் ஒன்று. துறைமுகங்களுக்கு வடக்கே, இன்றைய நியூஹாம் பரோவில் உள்ள அப்டன் பார்க் இவ்வுணவு வழங்கிய வட்டாரத்தைச் சேர்ந்தது. உப்பு, எரிபொருள், கடல்வணிகம், குடிபெயர்வு ஆகிய நான்கின் வரலாறும் இந்த ஒரு பானையில் கலந்திருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முனை பீகாரில் இருக்கிறது.

உப்பிடுதல்

குளிர்பதன வசதி வருவதற்கு முன் வட ஐரோப்பாவில் குளிர்காலத் தீவனம் போதாமல், இலையுதிர் காலத்திலேயே பல கால்நடைகளை வெட்டி இறைச்சியை உப்பிலிடுவது வழக்கம். இங்கிலாந்தில் இதற்குப் பெரிதும் பயன்பட்டவை, பின் தொடையின் வெளிப்புறமான சில்வர்சைட்டும் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட்டும். இவை ஓயாமல் வேலை செய்யும் தசைகள், நார் மிகுந்தவை, நெருப்பில் வாட்டினால் இறுகிவிடும். அதனால் விலையும் குறைவு. உப்புநீரில் பல நாள் ஊறியபின் சிறு தீயில் நெடுநேரம் வெந்தால், தசையைப் பிணைக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகிக் கறி இளகும். 1861இல் நூலாக வந்த இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல், உப்பிட்டு வேகவைத்த மாட்டிறைச்சியைக் கேரட், டர்னிப், கொழுப்புமாவு உருண்டைகளோடு பரிமாறச் சொல்கிறது.

பீகார் வெடியுப்பு

சாதாரண உப்பில் மட்டும் ஊறிய கறி வெந்ததும் சாம்பல் நிறமாகிவிடும். இவ்வுணவின் கறி வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம், உப்புநீரில் சிறிதளவு சேர்க்கும் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். உப்புநீரிலுள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு தசையின் நிறமியோடு இணைந்து, சூட்டிலும் மாறாத சிவப்பைத் தருகிறது. இந்த வேதியியலை 1901இல் விளக்கியவர் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

17ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்துக்கு வந்த வெடியுப்பில் பெரும்பங்கு பீகாரிலிருந்து வந்தது. அங்கே நோனியா சமூகத்தார் ஊர்ப்புறத்து உவர்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி அதை எடுத்தார்கள். பாட்னாவில் திரட்டப்பட்ட மூட்டைகள் கங்கை வழியாகக் கடலுக்குச் சென்றன. 1758இல் கிழக்கிந்தியக் கம்பெனி பீகார் வெடியுப்பின் ஏகபோக உரிமையைப் பெற்றது. கப்பலின் அடித்தட்டில் பாரமாக ஏற்றப்பட்டு லண்டனை அடைந்த சரக்கில் பெரும்பகுதி வெடிமருந்து ஆலைகளுக்குப் போனது. அவற்றுள் புகழ்பெற்ற வால்தம் அபே ஆலை லீ ஆற்றின் கரையில் இருந்தது. அதே ஆறுதான் கீழே நியூஹாமின் மேற்கு எல்லையாக ஓடித் தேம்ஸில் கலக்கிறது. கசாப்புக்கடைத் தொட்டிக்கு வந்தது மிகச் சிறு பகுதியே. ஆனாலும் லண்டன் தட்டில் மிளிர்ந்த அந்தச் சிவப்பில் பெயர் தெரியாத பீகார்க் குடும்பங்களின் உழைப்புக்குப் பங்குண்டு. சமையல் வரலாறுகள் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

சமைக்கும் முறை

ஒன்றரைக் கிலோ கறியை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மிகையான உப்பை நீக்குவார்கள். பிறகு புதுத் தண்ணீர் மூழ்க ஊற்றி மெல்லச் சூடேற்றுவார்கள். கொதி வரும்போது சாம்பல் நிற நுரை மேலெழும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்தால்தான் சாறு தெளியும். பிறகு தீயைக் குறைத்து, ஓரிரு குமிழிகள் மட்டும் எழும்பும் நிலையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைப்பார்கள். தளதளவெனக் கொதித்தால் கறி சுருங்கி நார்நாராகிவிடும். வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை தொடக்கத்திலேயே சேரும். கேரட்டைக் கடைசி முக்கால் மணி நேரத்தில் பெரிய துண்டுகளாகப் போடுவார்கள். மாவும் மாட்டுக் கொழுப்பும் பிசைந்த உருண்டைகளை இறுதி இருபது நிமிடத்தில் சாற்றின் மேல் மிதக்கவிட்டு மூடுவார்கள். காய்ந்த பட்டாணியைத் துணியில் முடிந்து அதே பானையில் வேகவிட்டு மசிப்பதும் உண்டு. கறியை நாருக்குக் குறுக்காக அரிந்து, கடுகு விழுதோடும் சாற்றோடும் பரிமாறுவார்கள்.

அப்டன் பார்க்கில்

அப்டன் பார்க் ரயில் நிலையம் 1877இல் திறக்கப்பட்டது. அதன்பின் சுற்றியிருந்த நிலங்களில் வரிசை வீடுகள் எழுந்தன. தெற்கே ராயல் விக்டோரியா (1855), ராயல் ஆல்பர்ட் (1880) துறைகளும், 1870இல் தொடங்கிய பெக்டன் எரிவாயு ஆலையும் வேலை தந்தன. துறைமுக வேலை அன்றாடக் கூலியாக இருந்ததால் வாரக் கடைசியில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பது உறுதியில்லை. மலிவான கறியை ஒரு வேளைக்கு மேல் நீட்டிக்கும் இந்தச் சமையல் அந்த வருமானத்துக்குப் பொருந்தியது.

அடுப்பும் ஒரு காரணம். வாட்டுவதற்கு நல்ல சூளையடுப்பு வேண்டும். வேகவைக்க ஒரு பானையும் சிறு தீயும் போதும். 1890களில் ஒரு பென்னி காசு போட்டால் எரியும் எரிவாயு மீட்டர்கள் உழைப்பாளர் வீடுகளுக்கு வந்தபின், தீயைக் குறைத்து வைத்துச் சமைப்பது எளிதாயிற்று. கறியும் காயும் வாங்கக் கிரீன் ஸ்ட்ரீட்டில் தெருச்சந்தை இருந்தது. அது பின்னர் குயின்ஸ் ரோட்டுக்கு மாறி, இன்று குயின்ஸ் மார்க்கெட் என்ற கூரையிட்ட சந்தையாக நடக்கிறது.

பாட்டும் பஞ்சமும்

1909இல் சார்லஸ் காலின்ஸ், பிரெட் மரே இருவரும் இவ்வுணவின் பெயரிலேயே ஒரு பாட்டு இயற்றினர். கிழக்கு லண்டனில் பிறந்த ஹாரி சாம்பியன் அதை மியூசிக் ஹால் மேடைகளில் பாடிப் புகழாக்கினார். காய்கறி மட்டும் உண்பவர்களைக் கேலி செய்யும் அந்தப் பாட்டுக்குப் பின் இவ்வுணவு காக்னி எனப்படும் கிழக்கு லண்டன் உழைப்பாளர்களின் சின்னமாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் 1940 செப்டம்பர் 7 முதல் துறைமுகப் பகுதி கடும் குண்டுவீச்சுக்கு ஆளானது. 1940 மார்ச்சில் தொடங்கிய இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முடிந்தது. கேரட்டோ பங்கீடின்றிக் கிடைத்தது. அரசே அதை உண்ணச் சொல்லிப் பரப்புரை செய்தது. பானையில் கறி சுருங்கிக் கேரட் பெருகிய காலம் அது.

உறவு உணவுகள்

1880களில் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்கள் பூண்டும் மசாலாவும் சேர்த்து உப்பிட்ட பிரிஸ்கெட்டை ஒயிட்சாப்பல் பக்கம் நிலைநிறுத்தினார்கள். பிரான்சின் போட்டோஃபே, இத்தாலியின் பொல்லீட்டோ மிஸ்டோ, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வேகவைத்த விருந்து ஆகியவை இதே முறையின் கிளைகள். மீன், நண்டு, இறாலோடு பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை சேர்த்துப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் வேறு மரபு. ஆனால் கிடைத்ததையெல்லாம் ஒரே பானையில் இட்டுக் குடும்பம் முழுவதையும் பசியாற்றும் நோக்கம் இரண்டுக்கும் ஒன்றே.

இன்றைய நிலை

1960களுக்குப் பின் துறைமுகங்கள் தேய்ந்து மூடப்பட்டன. பழைய குடும்பங்களில் பல எசெக்ஸ் பக்கம் நகர்ந்தன. தெற்காசியர்களும் கரீபியர்களும் ஆப்பிரிக்கர்களும் குடியேறினர். இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் அருகிலுள்ள ஈஸ்ட் ஹாமிலும் மேனர் பார்க்கிலும் வேரூன்றினர். 1996இல் மாட்டுப் பித்து நோய் பற்றிய அச்சம் நாடு முழுவதும் மாட்டிறைச்சி விற்பனையைச் சரித்தது. நீண்ட நேரம் வேகும் சமையலுக்கு வேலை நாளில் இடமும் குறைந்தது.

இன்று அப்டன் பார்க்கில் இவ்வுணவு அரிது. ஆனால் அதைத் தாங்கிய சந்தை உயிரோடிருக்கிறது. குயின்ஸ் மார்க்கெட்டில் ஹலால் கறியும் முருங்கைக்காயும் சேனையும் பச்சை வாழைக்காயும் அடுத்தடுத்து விற்கப்படுகின்றன. மலிவான கறி, கிழங்கு, சிறு தீ, பொறுமை என்ற அதே கணக்கில் வேறு பல நாட்டுப் பானைகள் அங்கே வேகின்றன. ஓர் உணவு வழக்கொழிந்தாலும், வருவாய் குறைந்த குடும்பங்கள் நல்ல சாப்பாடு சமைக்கச் சந்தை இருந்தால் அந்த மரபு அறுபடாது என்பதற்கு அப்டன் பார்க் சான்று.