பணயம் பலகையைத் தாண்டும்போது: திருப்பதிச் சாலையின் ஆட்டங்களை முன்வைத்து

ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், நாராயணவனம் வழியாக நடந்து வருகிறவர்களும், திருத்தணி, நகரி வழியாக வருகிறவர்களும் புத்தூரில் ஒன்றுகூடி, வடமாலபேட்டையைக் கடந்துதான் திருமலை அடிவாரம் சேர்கிறார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் இந்த வட்டாரத்தில் இரண்டு பகடைக் கதைகள் வழங்குகின்றன. ஒன்று மலைமேல் நடந்ததாகச் சொல்லப்படுவது. மற்றொன்று தர்மராஜர் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஆடப்படும் பாரதக் கூத்து. இரண்டிலும் உருளுவது பகடைதான். விளைவு மட்டும் நேரெதிர். பலகை ஆட்டங்கள் ஏன் இத்தனை தலைமுறை தாண்டியும் மனிதரை இழுக்கின்றன என்று கேட்பவர், அவ்விரு கதைகளையும் சேர்த்துப் படித்தால், ஆட்டக் கோட்பாட்டு நூல்கள் தராத ஒரு விடையைப் பெறலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் கதை ஹாதிராம் பாவாஜியுடையது. வடக்கிலிருந்து வந்து திருமலையில் தங்கிவிட்ட பைராகி அவர். இரவில் கோயில் நடை சாத்திய பிறகு வேங்கடவனே இறங்கி வந்து அவரோடு பகடை ஆடுவானாம். ஒருநாள் இறைவன் தன் ஆபரணத்தை அங்கேயே விட்டுச் சென்றான். மறந்து விட்டான் என்பார் சிலர், தோற்று விட்டான் என்பார் சிலர். விடிந்ததும் திருட்டுப் பழி பைராகிமேல் விழுந்தது. ஓர் அறை நிறையக் கரும்பை அடுக்கி, ஓரிரவுக்குள் தின்று தீர்த்து உண்மையை நிரூபி என்றார்கள். யானையாக வந்து இறைவன் தின்று முடித்தான். அதனால்தான் ‘ஹாதி’ராம் என்ற பெயர் என்பது மரபு. 2017இல் வெளிவந்த ‘ஓம் நமோ வேங்கடேசாய’ திரைப்படம் வரை இக்கதை உயிரோடிருக்கிறது. கடவுளோடு ஆடியவரின் பெயரில் அமைந்த மடத்தின் மகந்துகளிடம்தான் 1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி திருமலைக் கோயில் நிர்வாகத்தை ஒப்படைத்தது என்பதும், 1932ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1933இல் தேவஸ்தானம் அமையும்வரை அது அவர்கள் கையில் இருந்தது என்பதும் வரலாற்றின் சிறு குறும்பு.

கதையின் மெய்ம்மை இங்கே பொருட்டல்ல. பக்தனும் பரமனும் சந்திக்க நாட்டார் கற்பனை எத்தனையோ இடங்களைத் தேர்ந்திருக்கலாம். பூசை, பாட்டு, கனவு என்று எல்லாமே மரபில் உண்டு. ஆயினும் அவற்றில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பகடைப் பலகையில் மட்டும் இருவரும் தரையில் அமர வேண்டும், முறை வைத்து உருட்ட வேண்டும், இறைவனும் தோற்க நேரலாம். ஒரு மொழியும் தேவையில்லை என்பது கூடுதல் வசதி; தெற்கத்தி மொழிகள் அறியாத பைராகிக்கு அது சின்ன வசதியும் அல்ல. ஆபரணம் பலகையை விட்டு வெளியேறிய மறுகணமே இந்தச் சமம் குலைகிறது. நேற்றிரவு ஆட்டத் தோழன், இன்று காலை திருடன்.

இரண்டாம் கதையான ‘பகடைத் துகில்’ கூத்து இதையே கொடூரமாகச் சொல்கிறது. துரியோதனன் பணயம் வைக்க, சகுனி உருட்டுகிறான். ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையல்ல என்று வியாச பாரதத்தில் யுதிஷ்டிரன் முதலிலேயே ஆட்சேபிக்கிறான், ஆட்சேபம் எடுபடவில்லை. நாடும் தம்பியரும் தானும் போன பின், தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி எழுப்புவதும், நுணுகிப் பார்த்தால், ஆட்ட விதி பற்றிய கேள்விதான். சபை வாயடைத்து நிற்கிறது. பாரதச் சூது கெட்டது சூது என்பதால் மட்டுமல்ல, விதியைத் தட்டிக் கேட்டவருக்கு அங்கே பதில் இல்லாமற்போனதாலும்தான்.

இனிக் கோட்பாட்டுக்கு வருவோம். ஆட்டக் கோட்பாட்டாளர்களில் ஹாய்சிங்கா 1938இல் ஆட்டத்தை அன்றாட வாழ்விலிருந்து கோடு கிழித்துப் பிரித்த தனி வெளியாகக் கண்டார். ரோஜே கய்வா 1958இல் போட்டி, தற்செயல், வேடம், தலைச்சுற்றல் என நான்காக வகுத்து, போட்டியும் தற்செயலும் வாழ்வில் இல்லாத சமத்துவத்தைச் செயற்கையாக உண்டாக்குகின்றன என்றார். ஆழமான கவனிப்புதான். ஆனால் இருவரும் ஆட்டத்தை முடிந்துபோன ஒரு பொருளாகப் பார்க்கிறார்கள்: விதி ஏற்கெனவே இருக்கிறது, ஆடுவோர் அதற்குள் நுழைகிறார்கள். நம் திண்ணைகளில் நடப்பது வேறு. ஆட்டத்தில் பாதி நேரம் விதி பற்றிய வழக்கிலேயே போகிறது. சோழி சாய்ந்து நின்றால் எண்ணலாமா? எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலி வென்றதாகும்? வேடிக்கை பார்ப்பவரும் யோசனை சொல்லித் தீர்ப்பும் வழங்குவார். பலகையின் எல்லைக் கோடு, ஹாய்சிங்கா நினைத்ததுபோல, அவ்வளவு இறுக்கமானதல்ல.

தாயத்தையே எடுத்துக்கொள்வோம். சுழி, ஒன்று, இரண்டு, மூன்று என்ற குறிகள் கொண்ட இரண்டு பித்தளைக் கட்டைகள். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு உருட்டல் உண்டு. தெலுங்கு வீடுகளின் அஷ்டா செம்மாவில் கட்டைக்குப் பதில் நான்கு சோழிகள். நான்கும் நிமிர்ந்தால் நான்கு, நான்கும் கவிழ்ந்தால் எட்டு. சோழி இருபுறமும் சமமாக விழும் என்று கொண்டால், பதினாறு வாய்ப்புகளில் இரண்டு விழுவது ஆறு முறை, ஒன்றும் மூன்றும் நான்கு நான்கு முறை, நான்கும் எட்டும் ஒவ்வொரு முறை. ஆனால் சோழி நாணயமல்ல; ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு உண்டு, நாள்பட ஆடியவர் கைக்கு அது தெரியும். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் வெளிச்சுற்றுப் பதினாறு, உட்சுற்று எட்டு, நடுவில் பழம்.

இந்த ஆட்டங்களில் என் கவனத்தை அதிகம் ஈர்க்கும் விதி ஒன்று பல வீடுகளில் உண்டு: ஒரு காயையாவது வெட்டாமல் உட்சுற்றுக்குள் போக முடியாது. யாரையும் தொந்தரவு செய்யாமல் தன் வழியே போய் வென்றுவிடும் சாமர்த்தியத்துக்கு இங்கே இடமில்லை. எதிராளியின் பாதையில் குறுக்கிட்டே ஆக வேண்டும்; தானும் வெட்டுப்பட்டு மறுபடி தொடங்க நேரலாம். பச்சீசியிலிருந்து பிறந்து 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோவின் பொது விதியில் இந்தக் கட்டாயம் இல்லை. மாமியாரின் காயை மருமகள் வெட்டலாம், வெட்டியாக வேண்டும். அதற்குக் கோபம் வந்தால் சிரிப்பார்கள், ஏனென்றால் வெட்டுப்பட்டது புளியங்கொட்டை.

ஆடு புலி ஆட்டம் என் வாதத்துக்குச் சோதனை. இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. தற்செயல் துளியும் இல்லை, சமமும் இல்லை. புலி தாண்டி வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது, சூழ்ந்து அடைக்க மட்டுமே முடியும். அப்படியானால் சமத்துவம் எங்கே? அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. ஏற்றத்தாழ்வை மறைக்காமல் பலகைமேலேயே வைத்து, அதை இருவரும் மாறி மாறிச் சுமக்கச் செய்யும் ஆட்டம் இது. இதன் பலகைக் கோடுகள் ஹம்பி உட்படத் தென்னாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் கல்தளங்களில் வெட்டப்பட்டிருப்பது, விலைக்கு வாங்காத பலகை என்பதற்குச் சான்று. கரித்துண்டு கிடைத்த இடமெல்லாம் ஆட்டக்களம்.

பரமபதம் அப்படிப் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெலுங்கில் வைகுண்டபாளி. வெட்டு இல்லை, யோசனை இல்லை, வழக்காடவும் அதிகம் இல்லை. பாம்பும் ஏணியும் முடிவு செய்துவிடுகின்றன. அது நிலைத்ததற்குக் காரணம் ஆட்டத்துக்குள் இல்லை, பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று கருதுகிறேன். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க வேண்டும்; தூங்கவிடாத, சிந்திக்கவும் வைக்காத ஒன்று தேவை.

சட்டம் நெடுங்காலம் வேறு அச்சில் யோசித்தது: திறமையா, அதிர்ஷ்டமா? செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. ஆந்திரப் பிரதேசம் 2020இல் தன் சூதாட்டச் சட்டத்தைத் திருத்திப் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை, ரம்மி உட்பட, தடுத்தது. 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டங்களையே விலக்கியது. அச்சட்டத்தின் நன்மை தீமை தனி விவாதம். எனினும் பணயம் பலகையைத் தாண்டுகிறதா என்ற கூத்துக் களத்துக் கேள்விக்குச் சட்டம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருப்பதைக் கவனிக்கலாம். பணயம் உள்ளே நிற்கும்வரை ஏற்றத்தாழ்வு வெளியே நிற்கிறது; பணயம் வெளியேறும் வாசல் வழியாகவே ஏற்றத்தாழ்வு உள்ளே வருகிறது.

பலகைக்கு வெளியே இவ்வட்டாரத்தின் எல்லைக் கோடுகளும் மாறின. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் சித்தூர் மாவட்டம் பிரிந்து வடமாலபேட்டை திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் இருபுறத்துச் சிறுவர்களும் ஆட்டுக்கும் புலிக்கும் போடும் கோடு ஒன்றுதான். இன்று அக்கோட்டுக்குப் போட்டி கைப்பேசி. 2016இல் வந்த லூடோ கிங் 2020 ஊரடங்கில் தூரத்து உறவினரையும் ஒரு பலகையில் அமர்த்தியது. அந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அங்கே விதியை நிறுவனம் எழுதுகிறது. சோழி சாய்ந்து நிற்காது, பாட்டியின் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை. ஆகவே இவ்வட்டாரத்து ஆட்டங்களைத் தொகுக்க முனைவோர் பலகைகளைப் படம் பிடிப்பதோடு நிற்காமல், வீட்டுக்கு வீடு மாறும் விதிகளையும், அவற்றைப் பற்றிய சண்டைகளையும் இரு மொழியிலும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பலகைகள் அருங்காட்சியகங்களில் ஓரளவு கிடைக்கின்றன. சண்டைகளை அறிந்த தலைமுறைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.