நாய்களில் காரணம் புலப்படாத உடல் மெலிவு

நாய்களில் காரணம் புலப்படாத உடல் மெலிவு என்பது, உணவைக் குறைக்காமலும் ஓட்டத்தைக் கூட்டாமலும் இருக்கையில் வளர்ப்பு நாய் தொடர்ந்து எடை இழப்பதைக் குறிக்கும். இது தனியொரு நோயன்று. பல நோய்களின் அறிகுறி ஆகும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது கவனத்திற்குரியது. 20 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு இது 2 கிலோகிராம் ஆகும். அடர்ந்த உரோமம் மெலிவை மறைக்கும் என்பதால் விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தும் எடையிட்டும் அறிதல் வேண்டும்.

காரணங்கள்

நன்றாக உண்டும் மெலியும் நாயில் குடற்புழு, நீரிழிவு நோய், கணையச் சுரப்புக் குறைபாடு ஆகியன ஐயுறப்படும். உணவை மறுத்து மெலியும் நாயில் சிறுநீரக நோய், பல் நோய், புற்றுநோய் ஆகியன ஆராயப்படும். செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க கடலோரப் பகுதிகளில் உண்ணிகளால் பரவும் குருதி நோய்களையும் கருத வேண்டும். பேபேசியா, ஏர்லிக்கியா ஆகிய நுண்ணுயிரிகளால் ஏற்படுவன அவற்றுள் முதன்மையானவை.

வரலாறு

பேபேசியா கிப்சோனி என்னும் ஒட்டுண்ணி இப்பகுதியிலேயே முதன்முதலில் விவரிக்கப்பட்டது. கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய வால்டர் இசுகாட் பேட்டன், மதராசு வேட்டைக் கழகத்தின் வேட்டை நாய்களின் குருதியிலும் பின்னர் நரிகளின் குருதியிலும் இதனைக் கண்டு 1910 இல் அறிவித்தார். கிண்டி அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தில் இருந்தது.

நோயின் இயல்பு

பேபேசியா குருதிச் சிவப்பணுக்களை அழிக்கிறது. இதனால் குருதிச்சோகை உண்டாகி ஈறுகள் வெளிறும், மண்ணீரல் வீங்கும். காய்ச்சல் தணிந்த பின்னரும் கிருமி உடலில் தங்கி, நாயைச் சிறிது சிறிதாக மெலியச் செய்யும். வெயிலே காரணம் என எண்ணிக் காலம் தாழ்த்துவது உயிரிழப்பிற்கு இட்டுச்செல்லக்கூடும்.

கண்டறிதலும் சிகிச்சையும்

காது நுனியில் எடுத்த குருதியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் ஆராய்வர். நாட்பட்ட நோயில் ஒட்டுண்ணிகள் மிகக் குறைவாதலால், அவை தென்படாமையால் மட்டும் நோயில்லை எனக் கொள்ள இயலாது. அந்நிலையில் பாலிமரேசு தொடர்வினைச் சோதனை உதவும். ஏர்லிக்கியாவிற்கு டாக்சிசைக்ளின் வழங்கப்படுகிறது. பேபேசியா கிப்சோனிக்கு அட்டோவகுவோன், அசித்ரோமைசின் ஆகியன சேர்த்து வழங்கப்படுகின்றன. இரண்டிற்கும் மருந்து வேறாதலால் நோயை உறுதிசெய்த பின்னரே மருத்துவம் தொடங்குதல் நன்று.

தடுப்பு

பழுப்பு நாய் உண்ணி சுவர் வெடிப்புகளில் முட்டையிடும். உணவின்றிப் பல மாதங்கள் வாழவும் வல்லது. எனவே நாயின் உடலிலுள்ள உண்ணிகளை அகற்றுவதோடு, அது படுக்கும் இடத்தையும் தூய்மை செய்தல் இன்றியமையாதது. மாதம் ஒருமுறை எடையைக் குறித்து வைத்தால் மெலிவைத் தொடக்கத்திலேயே அறியலாம்.