கல்வெட்டுப் பதிப்புக் குறிகளும் தரவுத்தளத் தேடலும்: தாராபுரத்தின் பழம்பெயரை முன்வைத்து

முன்னுரை

அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த தாராபுரம், கொங்குச் சோழர் காலத்தில் இராசராசபுரம் என வழங்கியதாகக் கொங்கு வரலாற்று ஆய்வாளர் குறிப்பிடுவர். இப்பெயரை ராஜராஜபுரம், இராஜராஜபுரம், இராசராசபுரம் எனப் பலவாறு எழுதலாம். இத்தகைய பெயரொன்று கணினித் தேடலில் கிடைக்காதபோது 'கல்வெட்டுச் சான்று இல்லை' என முடிவுகட்டல் தகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதிப்பு மரபு

ஹூல்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. ஐயத்திற்குரிய எழுத்தைச் சதுர அடைப்பிலும், பதிப்பாசிரியர் நிரப்பிய எழுத்தை உடுக்குறியுடன் கூடிய அடைப்பிலும் தருவது கல்வெட்டுப் பதிப்பு மரபாயிற்று. கல்லில் உள்ளதையும் பதிப்பாசிரியர் கருதியதையும் பிரித்துக் காட்டுவதே இக்குறிகளின் பயன்.

தேடல் மரபு

1970-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேம்பர்லின், பாய்ஸ் ஆகியோர் உருவாக்கிய மொழியிலிருந்து வளர்ந்தது எஸ்.க்யூ.எல். அதன் 'லைக்' தேடலில் % எத்தனை எழுத்துகளுக்கும், _ ஒரே ஓர் எழுத்துக்கும் பொதுக்குறியாக நிற்கும். '%ரா_ரா_புரம்%' என்று தேடினால் மேற்கூறிய மூன்று வடிவங்களும் கிட்டும். எனினும், ஒருங்குறியில் உயிர்மெய்யின் துணைக்குறி தனிக் குறியீடாக எண்ணப்படும். ஆகவே 'தாராபுரம்' நமக்கு ஐந்தெழுத்து, கணினிக்கு ஒன்பது. 'புரம்' என்பதற்கு முன்னுள்ள 'தாரா' என்னும் ஈரெழுத்துக்கு நான்கு _ தேவைப்படும்.

குறிகளின் முரண்

மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் சதுர அடைப்பும் பொதுக்குறியே. அடைப்பினுள் உள்ளவற்றுள் ஏதேனும் ஒன்று என்பது அதன் பொருள். சிதைந்த கல்வெட்டொன்று 'ரா[ஜ]ராஜபுரம்' எனப் பதிப்பிக்கப்பட்டதாகக் கொள்வோம். அவ்வடிவத்தை அப்படியே இட்டுத் தேடினால், சிதையாத 'ராஜராஜபுரம்' கிட்டும். தேடிய சிதைந்த பாடம் கிட்டாது. முன்னர்க் கூறிய _ தேடலும் இதனைத் தவறவிடும். அங்கே ஓர் எழுத்தின் இடத்தில் மூன்று குறிகள் உள்ளன. 'ரா[[]ஜ]ராஜபுரம்' எனத் திறப்பு அடைப்பின் சிறப்புப் பொருளை விலக்கினால்தான் அது அகப்படும். 1992-ஆம் ஆண்டு எஸ்.க்யூ.எல். தரம் இதற்கென 'எஸ்கேப்' என்னும் தொடரை வகுத்துள்ளது. அதன்வழி ஆய்வாளர் விலக்குக்குறி ஒன்றைத் தாமே அறிவிக்கலாம்.

முடிவுரை

தேடல் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் வெற்றுப் பட்டியலைத் தரும்போது, அது வரலாற்றின் மௌனமாகத் தவறாகக் கொள்ளப்படக்கூடும். எனவே குறிகளுடன் கூடிய பதிப்புப் பாடத்தையும் குறி நீக்கிய தேடற்பாடத்தையும் தனித்தனிப் புலங்களில் சேமித்தல் வேண்டும். 'சான்று இல்லை' என எழுதும் ஆய்வாளர், தாம் பயன்படுத்திய தேடல் வடிவத்தையும் விலக்குக்குறியையும் உடன் குறிப்பிடுதல் இன்றியமையாதது.