ஆறு கட்டையை அழுத்தினால் ஐந்து கட்டை

“பொண்ணுக்குப் பியானோ வாங்கணும், நீங்க கூட வந்து பாக்கணும்” என்று யாராவது கூப்பிட்டால் பையில் மூன்று சாமான்கள் ஏறும். டார்ச், இசைக்கவை, கம்பி முறுக்கும் சாவி. அப்பாவும் இதே தொழில்தான். அவர் காலத்தில் டார்ச்சுக்குப் பதில் தீப்பெட்டி. வேப்பேரி வீடு ஒன்றில் உள்ளே இருந்த கம்பளியில் பொறி பட்டுவிட்டது. அதை அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் அப்படிக் கூப்பிட்டவர் வங்கி அதிகாரி. மகள் பியானோவில் ஐந்தாவது கிரேடு தேர்வுக்குப் படிக்கிறாள். கீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய வீட்டில் பியானோ பார்த்து வைத்திருந்தார்.

“ஜெர்மன் மேக் சார். நூறு வருஷம். பித்தளை மெழுகுவத்தித் தண்டு ரெண்டும் அப்படியே இருக்கு.”

“தண்டுல யார் சார் வாசிக்கப் போறா?” என்றேன். சிரித்தார். ஆனால் கண் அந்தத் தண்டிலேயே இருந்தது.

இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டு, நம் பாடகர்கள் ஆறு கட்டை என்று சொல்லும் அந்த வெள்ளைக் கட்டையை அழுத்தினேன். வினாடிக்கு 440 அதிர்வு வர வேண்டும். 1939இல் லண்டனில் கூடிப் பேசி முடிவு செய்த கணக்கு அது. வந்ததோ ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. பெண் இதில் பழகிவிட்டுத் தேர்வு அறையில் போய் உட்கார்ந்தால், காது ஒன்று சொல்லும், விரல் ஒன்று சொல்லும்.

கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். சவுண்ட் போர்டில் முழ நீளத்துக்கு ஒரு விரிசல். அதைக்கூட மன்னிக்கலாம், விரிசல் விட்டும் நன்றாகப் பாடும் பியானோக்கள் உண்டு. சாவியை ஆணியில் மாட்டித் திருப்பியதும்தான் கதை முடிந்தது. வெண்ணெயில் கரண்டி சுற்றுவதுபோல் ஆணி சுற்றியது. வீணைக்குப் பிரடை எப்படியோ அப்படித்தான் பியானோவுக்கு இந்த ஆணிகள். ஏறக்குறைய 230 கம்பிகள் சேர்ந்து சுமார் 18 டன் பலத்தில் இழுக்கின்றன. ஆணி இறங்கியிருக்கும் பலகை தளர்ந்துவிட்டால், இன்று கூட்டிய சுருதி நாளை மறுநாள் இறங்கிவிடும்.

இந்த மாதிரிப் பியானோக்கள் நம் ஊரில் ஏன் இத்தனை இருக்கின்றன? மவுண்ட் ரோட்டில் 1842இல் மிஸ்குவித் என்பவர் ஆர்கனும் பியானோவும் விற்கும் கடை போட்டார். பிற்பாடு மியூசி மியூசிகல் என்று பெயர் மாறிய கடை அதுதான். வெள்ளைக்கார அதிகாரிகளின் வீடுகள், மிஷன் பள்ளிகள், கான்வென்ட்டுகள், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் என்று பியானோ ஒவ்வொரு வட்டமாக இறங்கி வந்தது. லண்டன் குளிரில் செய்த சாமான் கப்பலேறி வந்து நம் ஐப்பசி ஈரத்தில் உட்கார்ந்தது. அந்தக் காலத்தில் பாகங்களை ஒட்டியது வச்சிரத்தால். நம் தச்சர்களுக்குத் தெரியும், ஈரம் பட்டால் வச்சிரம் இளகும் என்று. மேலே ஒட்டிய மெல்லிய அலங்கார மரத்தோல் உரியும். உள்ளே கம்பளியைப் பூச்சி தின்னும். கரையானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பார்த்தார்கள் தயாரிப்பாளர்கள். வெப்ப நாடுகளுக்கென்றே தனியாகச் செய்ய ஆரம்பித்தார்கள். ஒட்டுத்தோல் இல்லாத முழு மரம், மூட்டுகளில் பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகு. சிலவற்றில் எலி ஏறாமல் இருக்கக் கம்பி வலை அடித்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். பழைய பியானோதான் வேண்டும் என்று ஒருவர் அடம் பிடித்தால், முதலில் அந்தப் பித்தளைத் திருகுகளைத் தேடுவேன். பெயர்ப்பலகையைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

மரத்தைப் பற்றி யோசித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஆக்ஸ்பர்க் நகரத்தில் பியானோ செய்த ஸ்டைன். 1777இல் மொசார்ட் அவர் பட்டறைக்குப் போனார். அப்போது மொசார்ட்டுக்கு 21 வயது. அங்கே பார்த்ததை அப்பாவுக்குக் கடிதமாக எழுதினார். சவுண்ட் போர்டு செய்து முடித்ததும் ஸ்டைன் அதை வெளியே வைத்துவிடுவாராம். மழை, பனி, வெயில் எல்லாம் படட்டும். வெடிக்கிற இடத்தில் வெடிக்கட்டும். பிறகு அந்தப் பிளவில் சிறு மரச்சீவல் செருகி ஒட்டி, இனி இது வெடிக்காது என்று உறுதியானதும்தான் பியானோவில் வைப்பார். விலை 300 கில்டருக்குக் குறையாது. விலை அதிகம்தான், ஆனால் இந்த உழைப்புக்குத் தகும் என்று மொசார்ட்டுக்குத் தோன்றியிருக்கிறது. மாணவருக்குப் பியானோ தேடுகிற பெற்றோர் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்கிறேன். பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1947க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் போனார்கள். பின்னாலேயே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பின. பியானோவை யார் தூக்கிக்கொண்டு போவது? ஏலத்துக்கு வந்தது. மறுபக்கம் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. புதுப் பியானோ வருவது அபூர்வம். நாற்பது ஆண்டுக்கு மேல் சென்னையில் ஒரே கூட்டம் பியானோக்கள்தான் கை மாறி மாறிச் சுற்றின. கோடம்பாக்கம் ஸ்டூடியோ, தேவாலயம், பாட்டு வாத்தியார் வீடு எல்லாவற்றுக்கும் அதே சரக்கு. தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை கற்கப் போனது அந்தக் காலத்தில்தான். அப்பாவுக்கு அப்போது ஓயாத வேலை. உடைந்த சுத்தியலுக்கு மாற்று கிடைக்காது. தச்சரை உட்கார வைத்துச் செய்ய வேண்டும். ஏலத்தில் வாங்கி, மேலே பாலிஷ் போட்டு, புதிதுபோல் விற்றவர்களும் இருந்தார்கள். ஒருவரிடம் நானே ஏமாந்தேன். என் சொந்தப் பெண்ணுக்கு வாங்கியது. தொழில்காரன் ஏமாந்த கதையை விரிவாகச் சொல்லக் கூடாது.

இப்போது வருகிற நல்ல பழைய சரக்கு பெரும்பாலும் ஜப்பானுடையது. அதன் தொடக்கமும் ஒரு ரிப்பேர் வேலைதான். 1887இல் ஹமமாட்சு ஊர்ப் பள்ளி ஒன்றில் கெட்டுப்போன அமெரிக்க ஆர்கனைச் சரிசெய்யப் போன தொரகுசு யமஹா, பார்த்துவிட்டுத் தானே ஒன்று செய்தார். கூட்டாளியோடு காவடிபோல் தோளில் சுமந்து, ஹகோனே மலையைத் தாண்டி டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். அங்கே சொன்னார்கள்: செய்தது நேர்த்தி, சுருதிதான் சரியில்லை. மனுஷன் அங்கேயே தங்கி இசைப் பாடம் படித்துவிட்டு வந்து இரண்டாவது ஆர்கனைச் செய்தார். பியானோ 1900இல் வந்தது. 1980 வாக்கில் ஜப்பான் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் பியானோ செய்தது. வாசித்த பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். மூடிக் கிடந்த பியானோக்கள் கப்பலேறுகின்றன. இவற்றில் ஆணி பெரும்பாலும் இறுக்கமாக இருக்கும். ஆனாலும் டார்ச் இல்லாமல் பார்க்காதீர்கள்.

கையில் பணம் போதவில்லையா? கட்டைக்குச் சரியான கனம் உள்ள, 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்குங்கள். தேர்வு நடத்துகிறவர்களே அதை ஏற்கிறார்கள். நான் இப்படிச் சொன்னால் என் தொழிலுக்கு நானே குழி வெட்டுகிறேன் என்று சக தொழிலாளி ஒருவர் கோபிக்கிறார். செத்த ஜெர்மன் பியானோவை விற்றுக் கொடுப்பதைவிட இது மேல்.

வங்கிக்காரருக்கு அந்தப் பித்தளைத் தண்டை விட மனசே இல்லை. மகள்தான் முடிவு செய்தாள். ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு, “அப்பா, விரலை எடுத்தாலும் சத்தம் நிக்க மாட்டேங்குது” என்றாள். பழைய பியானோக்கள் சிலவற்றில் கம்பியை அமர்த்தும் கம்பளி, சுத்தியலுக்கு மேலே இருக்கும். அங்கே பிடி குறைவு. நான் டார்ச் அடித்துக் கண்டதைவிட அவள் காதால் கண்டது பெரிது.

ஜப்பான் பியானோ ஒன்று வாங்கினார்கள். 121 சென்டிமீட்டர் உயரம், கருப்பு. ஏசி காற்று நேராகப் படாத சுவரோரம் வைத்தேன். மழைக்காலத்துக்காக உள்ளே அடியில், மரத்தில் படாமல் ஒரு சிறிய பல்பு மாட்டினேன். அப்பா செய்த வழக்கம் அது. கார்த்திகையில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் சுருதி கூட்டப் போவதாகப் பேச்சு.

கீழ்ப்பாக்கத்துப் பியானோ இன்னும் விலைக்கு இருக்கிறது.